கடலுக்கு மதில் கட்டாதேங்கோ, கரைக்கு வேலி வளருங்கோ: கரையோரக் காணிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் கரையோரத்தில வளவு வச்சிருக்கிற அண்ணைமார் அக்காமாருக்கும், வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரில கடற்கரையோட காணி வாங்கிப் போட்டிருக்கிற எங்கட சொந்தங்களுக்கும், என்னட்டப் படிச்ச பிள்ளையளுக்கும்,

வணக்கம். நான் வடமராட்சியில கடலோட ஒட்டின ஒரு ஊரில பிறந்து வளந்தனான். 20 வருசத்துக்கு மேல பள்ளிக்கூடத்தில புவியியல் படிப்பிச்சிட்டு இப்ப பென்சனோட வீட்டில இருக்கிறன். என்னட்டப் படிச்ச கனபேர் இண்டைக்கு கனடா, லண்டன், சுவிஸ் எண்டு இருக்கினம், அதில கொஞ்சப்பேர் திரும்பி வந்து வீடு கட்டுகினம், சிலபேர் கெஸ்ட் ஹவுஸ் போடுகினம். எனக்கு அது சரியான சந்தோசம், பாழடைஞ்சு கிடந்த வளவுகளில திரும்ப லைட் எரியிறதைப் பாக்க மனம் நிறையுது. ஆனா அந்த வீட்டோட சேத்து கடல் பக்கமா ஒரு கொங்கிறீட் மதிலும் எழும்புது பாருங்கோ, அதைப்பற்றித்தான் இந்த மடல்.

எங்கட அம்மாவின்ர சீதன வளவு வடக்குப் பக்கம் கடலைப் பாத்தது. வீட்டுப் படலையால இறங்கினால் முதல் பனை, பிறகு தாழம்பத்தை, பிறகு அடம்பன் கொடி படந்த மணல், அதுக்கங்கால கடல். நான் சின்னனா இருக்கேக்க இருந்து அப்பிடித்தான். மாரியில அலை அடம்பன் வரைக்கும் வரும், தைப்பொங்கலுக்குப் பிறகு பாத்தால் போன மணல் எல்லாம் திரும்பி வந்து கிடக்கும். கிழக்குப் பக்கத்து வளவு சில வருசத்துக்கு முந்தி கைமாறினது. வாங்கினவை நல்ல சனம், வந்து போகேக்க எங்களோட தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறவை. அவை தாழையை முழுக்க ஜேசிபியால வழிச்சுப்போட்டு ஆளுயரத்துக்கு ஒரு மதிலைக் கட்டிச்சினம். மூண்டாவது மாரியில எங்கட பக்கம் வெட்டுண்ட மாதிரி மணல் இறங்கி, கரையில நிண்ட ரெண்டு தென்னையும் வேரோட சரிஞ்சுது, தாழம்பத்தையில பாதி இல்லை. அம்மா இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டா.

அவையில கோவம் எண்டு சொல்ல ஏலாது. மதில் போட்டால் காணி நிக்கும் எண்டு கொன்றாக்டர் சொன்னவர், அவை நம்பினவை. எங்கட ஆக்கள் முழுப்பேரும் அப்பிடித்தான் நம்புகினம், ஏனெண்டால் மதில் எண்டது எங்களுக்கு பாதுகாப்பு எண்ட சொல்லுக்கு மறுபேர் மாதிரி. ஆனா கடலுக்கு உது பொருந்தாது, ஏன் எண்டு வகுப்பில சொன்ன மாதிரி இஞ்சையும் ஒருக்காச் சொல்லுறன்.

அலை ஒண்டு சரிவான மணலில ஏறினால் ஏற ஏற அதின்ர வேகம் குறையும், தண்ணி மணலுக்குள்ள இறங்கும், திரும்பிப் போகேக்க அதுக்குப் பெலன் இருக்காது, கொண்டு வந்த மணலைப் போட்டுட்டுப் போகும். அதே அலை நேர்ச்சுவரில மோதினால் பெலன் எங்கையும் கரையாது, மேல தெறிக்கும், கீழ இறங்கி மதிலின்ர அடியைத் தோண்டும், அந்த மணலை இழுத்துக்கொண்டு போகும். அதால மதிலுக்கு முன்னால இருந்த கடற்கரை முதல்ல மெலியும், பிறகு இல்லாமலே போகும். ரெண்டாவது, மதிலின்ர ரெண்டு நுனியிலயும் அலை வளைஞ்சு போய் பக்கத்து வளவைக் கடிக்கும். மூண்டாவது, வாடைக்கு எங்கட வடக்குக் கரையில அலை வடகிழக்கால சரிஞ்சு வந்து மணலை மேற்குப் பக்கமாத் தள்ளிக்கொண்டு போறது, கிழக்கால நிக்கிற ஒரு மதில் அந்த மணலை வழியில மறிச்சாலோ, தன்ர பின்னால பூட்டி வச்சாலோ, மேற்கால இருக்கிறவனுக்கு வரவேண்டிய மணல் வராது. எங்கட தென்னை ரெண்டும் விழுந்த கதை இதுதான். மதில் கட்டினவைக்கும் பலன் இல்லை, அவையின்ர பிள்ளையள் வந்த முதல் வருசம் ஓடி விளையாடின மணல் இப்ப இல்லை, படியால இறங்கினால் நேர தண்ணி, மதிலின்ர அடி வெடிச்சுப் போச்சு எண்டு இப்ப கல்லுக் கொட்டுகினம்.

யாழ்ப்பாணத்தானுக்கு வேலி எண்டால் உயிர் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு முழம் எல்லைக்காக கோட்டுக்குப் போய் பரம்பரையா வழக்குப் பேசின குடும்பங்கள் எத்தினை இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் கதியாலை அரை அடி தள்ளி நட்டால் விடமாட்டம், ஆனா எங்கட மதிலால அவன்ர வளவில பத்துப் பதினைஞ்சு அடி கடலுக்குப் போறதை நாங்கள் குற்றமா நினைக்கிறதில்லை, ஏனெண்டால் கையால நாங்கள் எடுக்கேல்லை, கடல்தான் எடுத்தது. இதை நீங்கள் ஒருக்கா யோசிச்சுப் பாக்க வேணும், எனக்கு மனசில கிடந்து அரிக்கிற விசயம் இது.

சரி, மதில் வேண்டாம் எண்டால் என்ன செய்யிறது எண்டு கேப்பியள். கரை தனக்குத் தானே வேலி போடத் தெரிஞ்சது, நாங்கள் அதை வழிச்செறியாமல் விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. அடம்பன் கொடியைப் பாருங்கோ, உப்புக் காத்துக்கும் கொதிக்கிற மணலுக்கும் அசையாது, ஓடுற கொடியில ஒவ்வொரு கணுவிலயும் வேர் விடும், மணல் வந்து மூடினால் சாகிறதில்லை, மூடின மணலுக்கு மேலால தலையை நீட்டி இன்னும் ஓடும். அப்பிடி மூட மூட ஏறி ஏறித்தான் மணல்மேடு உயருது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு பள்ளிக்கூடக் கட்டுரையில எத்தினை தரம் எழுதியிருப்பியள், நானும் எத்தினை தரம் சரி போட்டிருப்பன், ஒற்றுமைக்குச் சொல்லுற பழமொழி எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தம். கடற்கரையில நிண்டு பாத்தவன் சொன்ன சொல்லு அது, ஒரு கொடியைப் பிடிச்சு இழுத்தால் வரும், திரண்டு கிடக்கிற அடம்பனை மாரி அலையாலயும் லேசில உரிக்க ஏலாது.

அடம்பனோட இராவணன் மீசை எண்ட புல்லு. அதின்ர முள்ளுப் பந்து காத்துக்கு உருண்டு போய் விழுற இடத்தில புதுசா முளைக்கும், பிள்ளையள் அதுக்குப் பின்னால ஓடி விளையாடுறவை. அதுக்குப் பின்னால தாழை, பிறகு பூவரசு, புன்னை, பிறகு பனை. இந்த வரிசையை ஒருத்தரும் திட்டம் போட்டு நடேல்லை, உப்பையும் காத்தையும் ஆர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு முன்னுக்கு நிக்குது. உங்கட வளவில கடல் பக்கம் தோட்டம் வைக்க வேணும் எண்டால் இந்த வரிசையைக் குழப்பாமல் வையுங்கோ, அவ்வளவுதான் நான் கேக்கிறது. உப்புக் காத்தில கருகிற குரோட்டனையும் செவ்வரத்தையையும் அலை படுற இடத்தில கொண்டுபோய் வச்சு ஒவ்வொரு வருசமும் மாத்திக்கொண்டு இருக்கிறதில என்ன இருக்கு.

கரை ஏற்கனவே வெட்டுண்டு போச்சு, அடம்பன் ஒண்டும் மிச்சம் இல்லை எண்டால் அதுக்கும் வழி எங்கட கையிலயே இருக்கு. வெளிநாடுகளில மணல் பிடிக்கிற வேலி எண்டு ஒண்டு போடுகினம், அதைப் படத்தில பாத்த உடன எனக்கு அப்பு பனைமட்டையால கட்டின வரிச்சுமட்டை வேலிதான் ஞாபகம் வந்தது. மட்டைக்கு மட்டை இடைவெளி விட்டுக் கட்டிற வேலி, இல்லாட்டில் காய்ஞ்ச கிளையளை வச்சுக் கட்டிற அலம்பல் வேலி, ரெண்டும் நல்லா வேலை செய்யும். விசயம் என்னெண்டால் வேலி அடைப்பா இருக்கக்கூடாது, பாதி மட்டை பாதி இடைவெளி எண்ட கணக்கு, அப்பத்தான் காத்து உள்ளால புகுந்து வேகம் குறைஞ்சு மணலைக் கீழ போடும், இடைவெளி இல்லாமல் கிடுகால அடைச்சால் காத்து சுழண்டு வேலியின்ர அடியையே தோண்டும். மாரி அலை வந்து நிக்கிற கோட்டுக்கு நல்லா மேல போடுங்கோ, இடுப்பளவு உயரம் போதும். மாரி முடிஞ்சு தை மாசிக்கு வாடை காய்ஞ்சு அடிக்கேக்க மணல் பறக்கும், அதைப் பிடிக்கும். வேலி பாதிக்கு மேல தாண்டால் அதை இழுத்தெடுக்காதேங்கோ, உள்ளுக்கயே உக்கட்டும், அதுக்கு மேல அடுத்ததைப் போடுங்கோ. பிறகு ஐப்பசியில மழை தொடங்கினதும் மூண்டு நாலு கணு இருக்கிற அடம்பன் துண்டை எடுத்து ரெண்டு கணுவை மணலுக்குள்ள தாட்டு விட்டால் போதும். நான் எங்கட வளவில மிஞ்சின துண்டில இப்பிடித்தான் செய்தனான், தென்னை நிண்ட இடம் இன்னும் பள்ளம்தான், ஆனா தாழம்பத்தைக்கு முன்னால முழங்கால் உயரத்துக்கு மேடு வந்திட்டுது, கொடி அதில ஏறிட்டுது. அந்த மேட்டைப் பாத்த அண்டைக்கு எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

மேடு வந்தால் கடல் தெரியாது எண்டு கவலைப்படுறவை இருக்கினம். 2004ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு ஆராய்ச்சிக்காரர் தெற்கில போய்ப் பாத்து எழுதின ஒரு விசயம் சொல்லுறன். யால பக்கத்தில ஒரு ஹொட்டல் கடல் வடிவாத் தெரிய வேணும் எண்டு முன்னால இருந்த மணல்மேட்டில ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தது, சுனாமி அந்த இடத்தாலதான் வந்து ஹொட்டலையே அழிச்சது. மேட்டை வெட்டாதேங்கோ. கடல் பாக்க வேணும் எண்டால் வீட்டைக் கொஞ்சம் உயத்திக் கட்டுங்கோ, மேல்மாடியில ஒரு விறாந்தை வையுங்கோ. கடலுக்கு இறங்க வழி வேணும் எண்டால் பனஞ்சிலாகையில நிலத்துக்கு மேலால ஒரு நடைபாதை போடுங்கோ, அதுவும் நேரா வெட்டாமல் கொஞ்சம் சரிச்சு வளைச்சு, ஏனெண்டால் நேர்ப்பாதை காத்துக்கும் அலைக்கும் வாசல் திறந்து விட்ட மாதிரி. எல்லாரும் அந்த ஒரு பாதையால மட்டும் போனால் அடம்பன் மிதிபடாது.

மணலைப்பற்றிக் கதைக்கேக்க இன்னொண்டு. அம்பன், குடத்தனை, மணல்காடு, நாகர்கோவில் பக்கம் இரவு இரவா டிப்பரில மணல் போறது உங்களுக்கும் தெரியும். மணல்காட்டில மணல் மூடின பழைய தேவாலயத்தைப் பாக்க வெளியூரில இருந்து வருகினம், அப்பிடி ஒரு மணல் வேற எங்க இருக்கு. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, வழுக்கையாறும் மழைக்கு மட்டும்தான். அப்ப மலையில இருந்து ஆத்து மணல் வந்து எங்கட கரையை நிரப்பப் போறதில்லை, போனது போனதுதான். கடற்கரையோட வீடு கட்டுறவை அந்த மணலை எங்க இருந்து வருது எண்டு கேளாமல் வாங்கினால், தங்கட வீட்டுக்கு முன்னால நிக்கவேண்டிய காவலைத் தாங்களே காசு குடுத்து அள்ளுவிக்கினம்.

வடக்குக் கரையில எங்களுக்கு இன்னொரு காவலும் இருக்கு, தண்ணிக்கு அடியில. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் அலை தூரத்திலயே உடையிறதைப் பாத்திருப்பியள், அது பாரில, தண்ணிக்கு அடியில கிடக்கிற கல்லுத் திட்டில, மோதித்தான் உடையுது. அந்தக் காலத்தில சுண்ணாம்புக் காளவாய்க்கு முருகைக்கல் எடுத்தவை, வீட்டுக்கும் மதிலுக்கும் எடுத்தவை, அப்ப அது ஆருக்கும் பிழையாத் தெரியேல்லை. அதின்ர விலை என்ன எண்டு காலிப் பக்கம் 2004ல தெரிஞ்சுது. பெரேலியவில முருகைக்கல் பாரை தோண்டி எடுத்திருந்த இடத்தில அலை கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்தில வந்து 1.5 கிலோமீட்டர் உள்ளுக்குப் போனது, சுனாமி சனத்தோட நிண்ட றெயிலைத் தூக்கி எறிஞ்சதும் அங்கதான். கொஞ்சம் தள்ளி ஹிக்கடுவவில பார் அப்பிடியே இருந்தது, அங்க அலை 2, 3 மீட்டர்தான், 50 மீட்டரளவில நிண்டிட்டுது. ஒரே நாள், ஒரே கடல். ஆகவே கெஸ்ட் ஹவுஸ் போடுறவை குளிக்க வசதியா இருக்கட்டும் எண்டு முன்னால கிடக்கிற கல்லைக் கிளப்பாதேங்கோ, தயவு செய்து.

அதே மாதிரி கரையில ஒதுங்கிற சாதாளை, கடலுக்குள்ள வளர்ற புல்லு. மணக்குது, வடிவில்லை எண்டு சொல்லி ஆள் வச்சு ஒவ்வொரு நாளும் வாரி நெருப்பு வைக்கினம். சாதாளை கரையில கிடந்தால் அது அலையின்ர வேகத்தைக் குறைக்கும், மணலைப் பிடிக்கும், உக்கினால் அடம்பனுக்கு அதுதான் பசளை. எங்கட அப்பு ஆக்கள் வண்டில்ல ஏத்திக்கொண்டு போய் தோட்டத்துக்குத் தாட்டவை, அவ்வளவு பெறுமதி. நடைபாதைக்கு முன்னால மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விடுங்கோ.

ஒண்டு சொல்லவேணும், மரமும் மேடும் இருந்தால் சுனாமியே வராது எண்டு நான் சொல்லேல்லை. வடமராட்சி கிழக்கில மணல்மேடு இருந்தும் எத்தினை உயிர் போனது, அந்தக் குடும்பங்களுக்கு முன்னால நிண்டு அப்பிடி ஒரு கதை கதைக்க எனக்கு வாய் வராது. பெரிய அலைக்கு ஒரே வழி தள்ளி இருக்கிறதும் ஓடுறதும்தான். நான் சொல்லுறது வருசா வருசம் வாற மாரிக் கடலைப்பற்றி, புரெவி, பெங்கல் மாதிரிப் புயல் கரையோட போகேக்க எழும்புற அலையைப்பற்றி. உலகம் முழுக்க கடல் மட்டம் 2006க்கும் 2018க்கும் இடையில வருசத்துக்கு 3.7 மில்லிமீட்டரளவில உயந்தது எண்டு விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லுகினம், சின்னத் தொகை மாதிரித் தெரியும், ஆனா எங்கட நிலம் தட்டை, தட்டையான நிலத்தில உயரம் கொஞ்சம் எண்டாலும் கடல் உள்ளுக்கு வாற தூரம் கூட. மதில் போட்ட உயரத்திலயே நிக்கும். மணல்மேடு வளரும்.

இனி கடனீரேரிப் பக்கம் காணி வச்சிருக்கிறவைக்கு. அரியாலை, நாவற்குழி, காக்கைதீவு, அராலி, மண்டைதீவு, அல்லைப்பிட்டி, தொண்டைமானாற்றுப் பக்கம், உங்கட கதை வேற. அங்க அலை சின்னன், அடி சேறு, தண்ணி ஏறி இறங்கிறதும் ஒரு மீட்டருக்குள்ளதான். அங்க காவல் கண்டல், உப்புச் சேத்தில வளர்ற மரங்கள். ஆனா கண்டல் எண்ட உடன எல்லாரும் கன்றைத் தூக்கிக்கொண்டு சேத்துக்குள்ள இறங்கி வரிசையா நட்டு படம் எடுத்துப் போடுறதைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு. சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க கண்டல் நட்டவை, பிறகு றுகுணு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 23 இடங்களில போய்ப் பாத்து 2017ல எழுதிச்சினம், 1000 தொடக்கம் 1200 ஹெக்டேயரில நட்டதில 200, 220 ஹெக்டேயர்தான் தப்பினது, 9 இடத்தில ஒரு கன்று கூட மிஞ்சேல்லை. ஏன்? நடக்கூடாத இடத்தில நடக்கூடாத இனத்தை நட்டது, நட்டுப்போட்டு திரும்பிப் பாராமல் விட்டது, மாடு வந்து மேய்ஞ்சது. எவ்வளவு காசு, எவ்வளவு சனத்தின்ர உழைப்பு.

எங்கட கடனீரேரியில உப்புக் கூட, அதைத் தாங்கி இயற்கையா நிக்கிறது கூடுதலா கண்ணா எண்ட கண்டல் இனம்தான். நீங்கள் முதல்ல பாக்கவேண்டியது உங்கட கரையில கண்ணாக் கன்று தானா முளைக்குதோ எண்டு. முளைக்குது எண்டால் நடவே தேவையில்லை, மாடு ஆடு வராமல் அலம்பலை வச்சு ஒரு அடைப்புப் போடுங்கோ, விறகுக்கும் குழைக்கும் வெட்டுறதை நிப்பாட்டுங்கோ, மூண்டு நாலு வருசத்தில தெரியும். முளைக்கேல்லை எண்டால் ஏன் எண்டு தேடுங்கோ, பெரும்பாலும் தண்ணி வந்து போற வழியை ஆரோ மறிச்சிருப்பினம், றோட்டுக்குக் கீழ இருக்கிற மதகு தூந்து போயிருக்கும், ஆரோ மண் கொட்டி நிரவியிருப்பினம். அதைத் திறந்தால் விதையைத் தண்ணியே கொண்டு வரும். முக்கியமா, வெறுஞ்சேறாக் கிடக்கிற பரவை எல்லாம் வெறும் இடம் எண்டு நினைச்சு அங்க கண்டல் நடாதேங்கோ, பூநாரையள் வந்து இறங்கி மேயிறது அந்த வெறுஞ்சேத்திலதான், சாதாளை வளர்ற இடத்திலயும் நடாதேங்கோ, றாலும் நண்டும் குஞ்சு வளக்கிற இடம் அது. கண்டலுக்குப் பின்னால உப்புத் தரையில உமரி படரட்டும், அதையும் களை எண்டு வழிக்காதேங்கோ.

கரை வெட்டுண்டு கண்டல் நிக்க முதலே மண் கழுவிப் போகுது எண்டால், முன்னால முழங்கால் உயரத்துக்குக் கல்லைச் சும்மா அடுக்கி, சீமெந்து பூசாமல், இடையிடையில தண்ணி போய்வர வாசல் விட்டு ஒரு சின்னத் தடுப்புப் போடலாம், இல்லாட்டில் தென்னந்தும்பை உருளையாத் திரட்டி கட்டையடிச்சுக் கட்டலாம், கன்று வேர் பிடிக்கும் வரைக்கும் அது தாங்கும். கல்லே கூடாது எண்டு இல்லை. அலை பெலனான இடத்தில கல்லும் செடியும் சேந்துதான் நிக்கவேணும், அதை ஒரு கரையோரப் பொறியியல் தெரிஞ்ச ஆளைக் கூட்டிவந்து பாக்காமல் செய்யாதேங்கோ.

சவுக்கைப்பற்றிக் கனபேர் கேக்கிறவை. காரைநகர்க் கடற்கரைக்கே அதின்ர பேர்தானே. காத்துக்கு மறைப்பா வளவுக்குப் பின்னால நிக்கட்டும், ஆனா அலைக்கு முன்னால வைக்கிறதுக்கு அது சரியில்லை, அதின்ர சருகு விழுந்து மூடின இடத்தில கீழ ஒண்டும் முளைக்காது, அடம்பன் செத்துப்போகும், பிறகு மணலைப் பிடிக்க ஆள் இல்லை.

இப்ப புல்லுத்தரை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. புதுசாக் கட்டுற கெஸ்ட் ஹவுஸ், வீடு எல்லாத்திலயும் கடல் பக்கம் பச்சைப் புல்லு விரிச்சு காலமையும் பின்னேரமும் மோட்டர் போட்டு இறைக்கினம். எங்கட தண்ணி எங்க நிக்குது எண்டு தெரியும்தானே. சுண்ணக்கல்லுக்குள்ள மழைத்தண்ணி ஊறி, கீழ நிக்கிற உப்புத் தண்ணிக்கு மேல வில்லை மாதிரி மிதக்குது. கணக்கு என்னெண்டால், கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டால் கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். அப்ப மேல 1 அடியை இறைச்சு இறக்கினால் கீழ எவ்வளவு உப்பு ஏறும் எண்டு நீங்களே பாருங்கோ. கரையோரத்தில அந்த வில்லை ஏற்கனவே மெலிஞ்சு போய் நிக்கிற இடம். எங்கட ஒழுங்கையில ஒரு காலத்தில தேத்தண்ணி வைக்க அள்ளின கிணறு ரெண்டு இப்ப குளிக்கவும் ஏலாமல் உவராப் போச்சு, பக்கத்தில ஆழ மோட்டர் ஓடத் தொடங்கின பிறகு. புல்லுக்குப் போடுற யூரியாவும் சுண்ணக்கல்லுக்குள்ளால இறங்கி கிணத்துக்கும் வரும், கடலுக்கும் போய் பாரில பாசி பிடிக்கப் பண்ணும். அடம்பனுக்கும் தாழைக்கும் ஒரு வாளி தண்ணி தேவையில்லை. பச்சை வேணும் எண்டால் அடம்பன் பச்சைதான், வெள்ளாப்பில அது ஊதாப் பூ பூத்துக் கிடக்கிறதை ஒருக்கா வந்து பாருங்கோ. மலக்குழியையும் கடல் பக்கம் வைக்காதேங்கோ, வளவின்ர பின்பக்கம் கொண்டுபோங்கோ, கிணத்தில இருந்தும் தள்ளி.

சட்டம் என்ன சொல்லுது எண்டு சுருக்கமாச் சொல்லுறன். 1981ம் ஆண்டு 57ம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி கடலில உயர்நீர்க் கோட்டில இருந்து தரைப் பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். 2011ல திருத்தம் வந்து கடலோட தொடுக்கிற நீரேரியளின்ர கரையும் கூடுதலா உள்ளுக்க வந்திருக்கு. இந்த வலயத்துக்குள்ள கட்டடமோ மதிலோ கட்டவும் மணல் எடுக்கவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டவேணும் எண்டது இடத்துக்கு இடம் மாறும். பிரதேச சபையில பிளான் பாஸ் பண்ணினாப் போதும் எண்டு கொன்றாக்டர் சொன்னால் அதை நம்பிக் காசை இறக்காதேங்கோ. உறுதியில கடல் எல்லை எண்டு எழுதியிருக்கிறதைக் காட்டி அலை படுற மணலையும் தன்ர எண்டு சொல்லுறவை இருக்கினம், அந்த மணல் எல்லாருக்கும் பொது.

பொது எண்டதால இன்னொரு விசயம். உங்கட வளவுக்கு முன்னால கரைவலை இழுக்கிற சனம் இருக்கு, வாடி போட்டிருக்கிறவை, வள்ளம் ஏத்துறவை, வலை காயப்போடுறவை. அடம்பன் வளக்கிறன் எண்டு சொல்லி அவையின்ர வழியை அடைச்சுப்போடாதேங்கோ. வேலை தொடங்க முதல் கடற்தொழிலாளர் சங்கத்துக்குப் போய் இருந்து கதையுங்கோ, எந்த மாசம் கடல் எங்க வரைக்கும் வரும், எந்த இடத்தில மணல் சேரும், எங்க கழுவும் எண்டு அவைக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கோ உங்கட இஞ்சினியருக்கோ தெரியாது. நான் இவ்வளவு வருசம் புத்தகத்தில படிப்பிச்சதில பாதியை முந்தியே அவையிட்டக் கேட்டிருக்கலாம்.

தனி ஒரு வளவில செய்தால் பலன் குறைவு, அதையும் மறைக்காமல் சொல்லவேணும். நீங்கள் அடம்பன் நட்டு பக்கத்தில ஒருத்தர் மதில் கட்டினால் எங்கட வளவுக்கு நடந்ததுதான் நடக்கும். அதால ஒரு கரையில இருக்கிற பத்துப் பதினைஞ்சு காணிக்காரர் சேந்து ஒரு முடிவுக்கு வாங்கோ. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எண்டு வெளிநாட்டிலயும் எவ்வளவு இருக்கு, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேக்கிறியள், ஒரு கரைக்கு வேலி போட அதில ஒரு துண்டு போதும், மட்டையும் அலம்பலும் கூலியும்தானே செலவு. ஏற்கனவே மதில் கட்டினவை உடைக்கவேணும் எண்டு நான் கேக்கேல்லை. முன்னால மணல் பிடிக்கக்கூடிய இடம் இன்னும் இருக்குதோ எண்டு பாருங்கோ, நுனி ரெண்டையும் பக்கத்து வளவைக் கடிக்காத மாதிரிச் சரிச்சு விடலாமோ எண்டு தெரிஞ்ச ஆளிட்டக் கேளுங்கோ, இனி அதை நீட்டாதேங்கோ. புதுசாக் கட்டப்போறவை மட்டும் தயவு செய்து பொறுங்கோ, வீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கோ, மதிலுக்கு வச்ச காசில பாதியைக்கூட இதுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

எங்கட கிழக்கு வளவுக்காரர் போன மாசம் போன் எடுத்தவை. மதிலின்ர மேற்கு நுனியில என்ன செய்யலாம் எண்டு கேட்டவை, ஆவணிக்கு வருகினமாம், வந்த பிறகு சேந்து அலம்பல் வேலி போடுறதா இருக்கிறம். அடம்பன் துண்டு வேணும் எண்டால் எங்கட மேட்டில இப்ப வெட்டி எடுக்கிற அளவுக்கு ஓடிக் கிடக்கு, ஐப்பசி முதல் மழைக்கு முந்தின கிழமை வந்தியள் எண்டால் உரப்பையில கட்டித் தாறன், ஈரச்சாக்கு ஒண்டு கொண்டு வாங்கோ, வெயில்ல காயாமல் கொண்டுபோக.

அன்போட,
வடமராட்சிக் கரையில இருந்து
உங்கட பழைய புவியியல் ரீச்சர்